இனிப்பு ஒத்துக்கொள்ளாத பிள்ளை

போன மாதம் நிரோஷா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என் மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மிஸ், புது மெஷின் வந்திருச்சு. அலுமாரிய ஒழிக்கச் சொல்றாங்க. உள்ளுக்கு அந்த பெனடிக்ட் கரைசல் ரெண்டு போத்தல் இருக்கே, நீலமா, அத வீசிறட்டுமா? இப்ப யாரும் அதால டெஸ்ட் செய்றதில்லயே."

வீசாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதையாக அது இருக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்காக எழுதத் தொடங்கியது இது. அவளோடு வேலை செய்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

நான் தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. விஞ்ஞானப் பிரிவில் பாஸ் பண்ணி, கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி முடித்து, கேகாலைப் பக்கம் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வகுப்பு மட்டும் நினைவிருக்கிறது. உடம்புக்குள் சீனி எப்படி உடைகிறது என்று விரிவுரையாளர் கரும்பலகை முழுக்க எழுதிக்காட்டினார். ஆறு காபன் அணுக்கள் கோத்த சங்கிலி அது. நடுவில், மூன்றாவது காபனுக்கும் நாலாவது காபனுக்கும் இடையில், ஆல்டோலேஸ் என்று ஒரு நொதியம் வந்து அதை அறுக்கிறது. மூன்று மூன்றாக இரண்டு துண்டு. "காபனோடு காபன் பிடித்த பிடி லேசில் விடாது. உங்கள் ஈரல் அதை வெறும் உடம்புச் சூட்டில் அறுத்துவிடுகிறது" என்றார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். எழுதினேன். மறந்துவிட்டேன்.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சந்திராணி மிஸ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குள்ளமான உருவம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார், சோதனைக் குழாயைப் பிடித்தபடியே நேரம் பார்ப்பதற்காக. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நன்றாகச் செய்தாய் என்று சொல்லியும் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால் பதிவேட்டைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, நாம் பக்கத்தில் வரும்வரை காத்திருப்பார். அவ்வளவுதான். அந்த விரலுக்கு நாங்கள் எல்லோரும் பயம்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு சிறுநீர்ச் சோதனைக்கு "பச்சை போல" என்று எழுதிக் கொடுத்தேன். என்னைக் கூப்பிட்டார்.

"விமலா, பச்சையா, பச்சை போலவா?"

"பச்சை மிஸ். கொஞ்சம் நீலமும் இருந்த மாதிரி…"

"தெக்க தே லியன்ன" என்றார் சிங்களத்தில். கண்டதை எழுது என்று அர்த்தம். "நீ நினைக்கிறதை டொக்டர் கேட்கவில்லை."

அவர் வைத்திருந்த இன்னொரு விதிதான் இந்தக் கதைக்கு வேண்டியது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலையோ ஈரல் வீக்கமோ இருந்தால், சிறுநீரை ஸ்ட்ரிப்பில் பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. பெனடிக்ட் சோதனையும் செய்யவேண்டும். ஸ்ட்ரிப் பிளாஸ்டிக் குச்சிதான், நனைத்தால் அரை நிமிடத்தில் நிறம் காட்டிவிடும். ஆனால் அதற்குக் குளுக்கோஸ் ஒன்றைத்தான் தெரியும். பெனடிக்டுக்கு வேலை அதிகம். குழாயில் ஐந்து மில்லி நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், கொதிநீரில் ஐந்து நிமிடம். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் அளவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். எந்தச் சீனி என்று அது சொல்லாது. ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

காலையில் நூறு சிறுநீர்ப் போத்தல்கள் வரிசையில் நிற்கும்போது ஐந்து நிமிடம் என்பது பெரிய நேரம். மிஸ் கூட்டத்துக்குப் போன நாட்களில் நாங்கள் அந்த விதியை மெதுவாகத் தாண்டிவிடுவோம். நானும் தாண்டியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருந்தபோது கீர்த்தனா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளுக்கு இரண்டரை வயது. தாய் தவமணி தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். அது அவர்களுடைய இரண்டாவது வரவு. மூன்று மாதங்களுக்கு முன்பும் வார்டில் இருந்து, கொஞ்சம் தேறி, வீட்டுக்குப் போய், திரும்பவும் வந்திருந்தார்கள்.

அன்று இரத்தம் எடுக்க நான் வார்டுக்குப் போனேன். பிள்ளையின் கை கால்கள் குச்சிகள். வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளியிருந்தது. கண்ணில் லேசான மஞ்சள். தாய் கட்டில் ஓரத்தில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். தாதி ஒருத்தி என் காதருகில் சிங்களத்தில் சொன்னாள்: "சாப்பாடே கொடுக்கிறதில்லையாம் விமலா. அவளே சொல்லியிருக்கிறாள். முதல் பிள்ளையும் இப்படித்தானாம், ஒரு வயதுக்குள் செத்துவிட்டதாம். சிறுவர் பாதுகாப்புக்கு எழுதப்போகிறார்கள்."

தாயின் முகத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. பிள்ளையின்மேல் இரக்கம் பொங்கியது.

ஊசி குத்தினேன். பிள்ளை சத்தம் போட்டு அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. இரத்தம் எடுக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கவென்று என் கோட்டுப் பையில் எப்போதும் டொஃபி வைத்திருப்பேன். ஒன்றைப் பிரித்து நீட்டினேன். கீர்த்தனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் மிஸ்" என்றாள் தவமணி. "அவ அதெல்லாம் சாப்பிட மாட்டா."

"நீங்க சும்மா இருங்க" என்றேன். அந்தக் குரலில் நான் அதற்குமுன் ஒரு தாயிடம் பேசியதில்லை. "புள்ள பசியில கெடக்குது. வாயத் தொறடா கண்ணு. மிஸ்ஸுக்காக."

பிள்ளை என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் சொன்னால் செய்யவேண்டும் என்று பழகியிருந்த பிள்ளை அது, வாயைத் திறந்தது. டொஃபி முழுதும் கரையும்வரை நின்று தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். வார்டிலிருந்து அவசரமாக இரத்தச் சீனி பார்க்கச் சொல்லி அழைப்பு. கீர்த்தனா வாந்தி எடுத்து, வியர்த்து, துணி மாதிரித் துவண்டுவிட்டாள். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சீனி அடிமட்டத்தில் இருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை மணித்தியாலத்தில் கண் திறந்தாள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பிடித்த சிறுநீரைச் சின்னப் போத்தலில் போட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இனிப்பு தின்ற பிள்ளைக்குச் சீனி எப்படிக் குறையும்? அந்தக் கேள்வி எனக்கு அப்போதே வந்தது. டொஃபி கொடுத்ததை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. ஸ்ட்ரிப்பை நனைத்தேன். நிறம் மாறவில்லை. சீனி இல்லை. அன்று மிஸ் இருந்தார். ஆகவே பெனடிக்டும் வைத்தேன். குழாயைக் கொதிநீரில் இறக்கிவிட்டுத் திரும்பி வேறொரு வேலை பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் ஆரஞ்சு.

கரைசல் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வெறும் தண்ணீரை வைத்துச் செய்தேன். நீலம். பிள்ளையின் சிறுநீரை மறுபடியும் வைத்தேன். மறுபடியும் ஆரஞ்சு.

மூன்று குழாய்களையும் மிஸ்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மருந்து போகிறது?"

சில மருந்துகளும் இப்படி நிறம் காட்டும். வார்டுக்குப் பேசிக் கேட்டேன். காய்ச்சலுக்கு ஒரு பாணி மருந்து, சிரப், அது மட்டும்தான், வேறொன்றும் இல்லை என்றார்கள்.

மிஸ் எழுந்து போய்ப் பழைய பதிவேட்டை எடுத்துவந்தார். மூன்று மாதங்களுக்கு முந்திய பக்கம். கீர்த்தனாவின் பெயர். ஸ்ட்ரிப்: இல்லை. பெனடிக்ட் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே என் கையெழுத்து. அவர் விரல் அங்கே நின்றது.

"அன்று நீங்கள் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள் மிஸ்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, "ரிசோர்சினோல் இருக்கிறதா பார்" என்றார்.

எங்களிடம் இல்லை. மருந்துக் களஞ்சியத்துக்கு ஓடினேன். தோல் நோய்க்குக் களிம்பு கலக்கவென்று பழைய போத்தல் ஒன்றின் அடியில் கொஞ்சம் இருந்தது. அதை அமிலத்தில் கரைத்து, சிறுநீரோடு சேர்த்துச் சூடாக்கினால், பழங்களிலும் தேனிலும் இருக்கிற சீனிக்கு மட்டும் சிவக்கும். ஒரு நிமிடத்துக்குள் சிவக்கவேண்டும். அதற்குமேல் கொதிக்கவிட்டால் குளுக்கோஸும் சிவந்து நம்மை ஏமாற்றிவிடும்.

மிஸ் ஐந்து குழாய்கள் வைக்கச் சொன்னார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் தேன் கலந்த தண்ணீர், ஒன்றில் பிள்ளையின் சிறுநீர். "ஐந்தாவது?" என்று கேட்டேன். வெறும் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார். திரும்பி வந்து, "ஆரோக்கியமான ஆள் ஒன்று வேண்டாமா?" என்றார். அவர் பகிடி மாதிரி ஏதாவது சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஐந்து குழாய்களையும் ஒன்றாக இறக்கினோம். மிஸ் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடியில் தேன் குழாய் சிவந்தது. அடுத்த சில விநாடிகளில் கீர்த்தனாவின் குழாயும் சிவந்தது. நல்ல செர்ரிப்பழச் சிவப்பு. மற்ற மூன்றும் மாறவில்லை.

"பிள்ளை இன்று என்ன சாப்பிட்டது?" என்று மிஸ் கேட்டார்.

சொல்லிவிட்டேன். டொஃபி கொடுத்ததை, தாய் வேண்டாம் என்றதை, நான் அவளை அடக்கியதை, எல்லாவற்றையும். அழுகை வந்துவிட்டது. மிஸ் என்னைத் தேற்றவில்லை. பதிவேட்டைத் திறந்து என்னிடம் தள்ளினார். "அதையும் எழுது. எத்தனை மணிக்கு என்று எழுது. பிறகு நீயே கொண்டுபோய் டொக்டரிடம் சொல்."

குழந்தை வைத்தியர் இளம் ஆள். தமிழ் கொஞ்சம்தான் வரும். என் தாளை வாசித்தார். டொஃபி விஷயத்தை வாசிக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன்.

"தாயிடம் கேட்போம், வாருங்கள். நீங்கள் மொழிபெயர்க்கவேண்டும்" என்றார்.

நான் தவமணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. புள்ளைக்கு நீங்க என்னென்ன குடுப்பீங்க, என்ன குடுக்க மாட்டீங்க, மெதுவா சொல்லுங்க. நான் முழுசா டொக்டருக்குச் சொல்றேன்."

அவள் பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள். பிறகு தொடங்கினாள்.

"தாய்ப்பால் குடிச்ச வரைக்கும் நல்லா இருந்தா மிஸ். கொழுகொழுன்னு. ஆறு மாசத்துல வாழப்பழம் மசிச்சுக் குடுத்தேன். அப்ப புடிச்சது வாந்தி. சீனி போட்ட பால் குடுத்தாலும் எடுப்பா. சத்துமாவுல சீனி கலந்து குடுங்கன்னு கிளினிக்ல சொன்னாங்க. குடுத்தா அன்னைக்கெல்லாம் சுருண்டு படுத்துக்குவா. சோறு, பருப்பு, முட்டைன்னா ஒண்ணும் செய்யாது. அதனால இனிப்பு மட்டும் நான் குடுக்கிறதில்ல. இத இங்க அட்மிட் பண்ற அன்னைக்கே சிங்களத்துல சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

"பிறகு ஏன் புள்ள இப்படி மெலிஞ்சது?"

"நான் கொழுந்து எடுக்க மலைக்குப் போனா ஆயாம்மாகிட்ட, புள்ளமடுவத்துல விட்டுட்டுப் போறேன். அங்க சீனித் தேத்தண்ணி, பிஸ்கட் குடுப்பாங்க. வேணாம்னு சொன்னா, குடுக்காமப் புள்ளயக் கொல்லப் பாக்கிறியான்னு கேக்கிறாங்க. இங்கயும் அப்படித்தான். பாணி மருந்து குடிச்சாலும் வாந்தி எடுக்கிறா, நிறுத்துங்கன்னு சொன்னேன்."

நான் ஒரு சொல் விடாமல் டொக்டருக்குச் சொன்னேன். அவர் நோயாளர் தாளைப் புரட்டினார். முதல் நாள் யாரோ எழுதிய வரி இருந்தது: தாய் உணவு கொடுப்பதில்லை. இனிப்பு உணவு என்று அவள் சொன்னதில் பாதி எங்கோ விழுந்துவிட்டது. டொக்டர் அந்த வரியைப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைத்தார். சிறுவர் பாதுகாப்புக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு கீர்த்தனாவின் வாயைத் திறந்து பார்த்தார். "பல்லைப் பாருங்கள்" என்றார். முத்துப் போல் இருந்தன. ஒரு சொத்தை கிடையாது. "இனிப்பை வெறுக்கிற பிள்ளையின் பல் இது. ஆல்டோலேஸ் பி. படித்திருப்பீர்களே?"

கரும்பலகை ஞாபகம் வந்தது. பழச்சீனியை ஈரல் முதலில் வேறொரு வடிவத்துக்கு மாற்றிவைக்கும். அதை நடுவில் அறுத்துத் தள்ளவேண்டியது இந்த நொதியம். கீர்த்தனாவின் ஈரலில் அது வேலை செய்யவில்லை. அறுபடாத சங்கிலிகள் ஈரலுக்குள் குவிகின்றன. ஈரல் வீங்குகிறது. தன்னிடமுள்ள குளுக்கோஸை இரத்தத்துக்கு விடவும் முடியாமல் திணறுகிறது. நாம் சாப்பிடும் வெள்ளைச் சீனியில் பாதி பழச்சீனிதான். ஆகவே சீனித் தேத்தண்ணி, கித்துள் கருப்பட்டி, பழம், தேன், பாணி மருந்து, டொஃபி எல்லாமே அவளுக்குக் கெடுதல். ஊசிவழி ஏற்றிய குளுக்கோஸ் மட்டும் அறுக்கத் தேவையில்லாமல் நேரே இரத்தத்தில் கலந்து அவளை எழுப்பிவிட்டது.

மருந்து ஒன்றும் இல்லை. இனிப்பை நிறுத்துவதுதான் மருந்து. அன்றே நிறுத்தினோம். நாலாம் நாள் கீர்த்தனா கட்டிலில் எழுந்து நின்று கம்பியைப் பிடித்து ஆட்டினாள். இரண்டாவது வாரம் கண்ணில் மஞ்சள் போய்விட்டது. பிறகு கொழும்பு வழியாக வெளிநாட்டுக்கு இரத்தம் அனுப்பிப் பரம்பரை அலகைச் சோதித்து உறுதியும் செய்தார்கள். இப்போது அவள் உயர்ந்த, ஒல்லியான பெண். தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடித்துப் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். கடைச் சாமான் எதை வாங்கினாலும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசிக்காமல் வாயில் வைக்கமாட்டாள்.

அவர்கள் வீட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு நான் வார்டுக்குப் போயிருந்தேன். என்ன கொடுக்கலாம், எது கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய தாள்களை, புள்ளமடுவத்துக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று என்று கொண்டுபோயிருந்தேன். தவமணி வாங்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அப்ப மூத்தவனுக்கும் இதுதானா மிஸ்?"

இந்தக் கேள்வி வரும் என்று டொக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளையின் சிறுநீரை நான் சோதிக்கவில்லை, ஆகவே தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். கண்டதை மட்டும் எழுதப் பழகியவள்தானே.

"அவனுக்கு நான்தான் பழம் மசிச்சு, தேன் ஊத்திக் குடுப்பேன்" என்றாள். "வாந்தி எடுத்தா, வயித்துல ஒண்ணும் இல்லியேன்னு திரும்பவும் குடுப்பேன். ஒன்பது மாசத்துல போயிட்டான்."

நான் அவள் கையைப் பிடித்தேன். "சோதிச்சுப் பாக்கல தங்கச்சி. ஆனா இதுவாத்தான் இருக்கும்னு டொக்டரும் நெனக்கிறாரு. நீங்க குடுத்தது சாப்பாடு. எல்லாத் தாயும் குடுக்கிறதுதான். இவளுக்கு ஒத்துக்கலன்னு முதல்ல கண்டுபிடிச்சதும் நீங்கதான். நாங்க இல்ல. நான் உங்க பேச்சக் கேக்காம டொஃபி குடுத்தவ."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். நான் எழுந்து போகவில்லை. அழுகை ஓய்ந்ததும் என்னிடம் ஒன்று கேட்டாள்: "வீட்டுக்குப் போற அன்னைக்கு உங்க ரூமுக்கு வரட்டுங்களா மிஸ்? ஒருத்தருக்கு நீங்க இத சொல்லணும். நான் சொன்னா சரியா வராது."

சொன்னபடி வந்தாள். ஆய்வுகூட வாசலில் பிள்ளையோடு நின்றாள். நாலடி தள்ளி இன்னொரு பெண், கையில் துணிப்பையோடு, உள்ளே வரலாமா கூடாதா என்பதுபோல.

"என் ஓரகத்தி மிஸ். பாக்கியம்" என்றாள் தவமணி. "மூத்தவன் செத்ததுக்கு மொத நாள் இவதான் அவனத் தூக்கி வச்சிருந்தா. இவளுக்குப் புள்ள இல்ல. இவ கண்ணு பட்டுத்தான் போயிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். ஒரே செவரு, அடுத்த காம்பராதான். அஞ்சு வருசமாப் பேச்சு இல்ல. நேத்து நானா போன் பண்ணி வரச் சொன்னேன். நீங்க சொல்லுங்க மிஸ்."

நான் பாக்கியத்திடம் சொன்னேன். ஈரலில் பிறவியிலேயே ஒரு சாமான் குறைந்து பிறந்த பிள்ளைகள் என்று. பழத்திலும் சீனியிலும் இருக்கிற ஒன்றை அறுக்க முடியாமல் போனது என்று. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி, யாருக்கும் தெரியாமல் வந்தது என்று. கண்ணூறு இல்லை, செய்வினை இல்லை, யாருடைய குற்றமும் இல்லை என்று.

பாக்கியம் எல்லாவற்றையும் அசையாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் தூக்கினதால இல்லீங்களா?"

"இல்ல."

"நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன் மிஸ்" என்றாள். "அதுக்கப்புறம் நான் யார் புள்ளயையும் தொட்டதில்ல."

தவமணி இடுப்பிலிருந்த கீர்த்தனாவை இறக்கி, பாக்கியத்திடம் நீட்டினாள். பாக்கியம் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தவமணி அந்தப் பையைக் குனிந்து எடுத்தாள். தெரணியகலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். பஸ் தரிப்பிடம்வரை பிள்ளையைப் பாக்கியம்தான் சுமந்துகொண்டு போனாள்.